எதிர்ப் பெட்டி

எனக்கு ராட்டினம் ஆகாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஒரு தடவை ஏறிப் பாருங்கள், பயம் தெளிந்துவிடும்" என்கிறார்கள். பயம் என்று நான் எப்போது சொன்னேன்? பயம் வேறு, ஆகாது என்பது வேறு. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, தின்றால் உடம்பெல்லாம் தடித்துப் போகும். எனக்குக் கால் தரையை விட்டு எழும்பினால் ஆகாது. வயிறு முதலில் கிளம்பும், தலை அதற்குப் பின்னால் வரும், இரண்டும் சந்திக்கிற நேரத்தில் வாயைத் திறந்தேனோ தொலைந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் பெரிய பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் வந்துவிட்டன. ஆட்களைத் தலைகீழாகக் கட்டிப்போட்டு ஆட்டுகிறார்கள். அதற்கு வெயிலில் வரிசை பிடித்து நிற்கவும் ஆள் இருக்கிறது. என்னையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள், கைப்பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டு ஓடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பழகிய வேலை.

பழகியது ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், மலாக்காவில், காஜா பெராங்கில்.

கல்யாணமாகி வந்தபோது செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டிய ஒரு வீட்டில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறி மலாயே வீட்டுப் பேச்சாகிப்போனவர்கள். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்திக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, சாமியிடமும் என்னிடமும் மலாயில் பேசுவாள். நான் பாதி மலாயும் பாதித் தமிழுமாகப் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஜப்பான் சண்டை வந்து கடையை மூடியபின், பின்கட்டுக் கொட்டகை ஒன்றில் செம்பனை எண்ணெயைக் காய்ச்சிச் சவர்க்காரம் செய்கிற வேலைக்குப் போனார். அந்தச் சவர்க்காரத்தில் குளித்தால் உடம்பு அரிக்கும், குளிக்காவிட்டாலும் அரிக்கும். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குச் சொறி.

எங்கள் அறையிலிருந்து பத்து வீடு தாண்டினால் பார்க். அதற்கு வேறு பெரிய பெயர் பலகையில் எழுதியிருந்தது, ஆனால் நாங்கள் எல்லாரும் பார்க் என்றுதான் சொல்வோம். சுற்றிலும் துத்தநாகத் தகட்டில் உயரமாக வேலி. உள்ளே ஜோகெட் நடனம் ஆடுகிற மேடை, மரக்குதிரைச் சுற்று, படகு ஊஞ்சல், சூதுக் கடைகள், நடுவில் ராட்டினம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னை ஆசையாகப் படகு ஊஞ்சலில் ஏற்றினார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். நாலாவது ஆட்டத்தில் அவருடைய கல்யாணச் சட்டை மேல் வாந்தி எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதையை அவர் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்ததில்லை. "இவளுக்கு ஊஞ்சல் ஆகாது, இவள் ஊஞ்சலில் உட்கார்ந்தால் எனக்கு ஆகாது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், முதல் சில தடவை.

ஜப்பான்காரன் வந்ததும் பார்க்கை மூடினார்கள். பிறகு சூதாட்டத்துக்காகத் திறந்துவிட்டார்கள். சோற்றுக்கு வழியில்லாத ஊரில் சூதுக்கு மட்டும் அனுமதி தாராளமாகக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் சூதின் பக்கமே போகமாட்டார். அந்த மட்டும் நான் புண்ணியம் செய்தவள். அவருக்கு ராட்டினம்தான். கொட்டகையில் நாள் பூராவும் எண்ணெய்ப் புகையில் நின்றவர், சாயங்காலம் வந்தால் "மேல போனா காத்து வருதும்மா, கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மறந்துபோவுது" என்று கிளம்பிவிடுவார். தனியே போகச் சொன்னால் முகம் தொங்கிவிடும். ஆகவே நானும் போய்க் கீழே நிற்பேன். எனக்குப் பசியிலேயே தலை சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு மேல் ராட்டினம் வேறு ஏறிச் சுற்ற என்ன அவசியம் என்று எனக்குத் தோன்றும்.

முன்பு அந்த ராட்டினத்துக்கு எந்திரம் இருந்தது. எண்ணெய் இல்லாமல் போனதும் ஆள் வைத்துச் சுற்றினார்கள். எட்டுப் பெட்டி. எதிரெதிர்ப் பெட்டிக்கு ஒரே நிறம் அடித்திருக்கும். சிவப்புக்கு எதிர் சிவப்பு, மஞ்சளுக்கு எதிர் மஞ்சள். இரண்டு ஆட்கள் சட்டத்தில் காலை வைத்து ஏணி ஏறுகிற மாதிரி ஏறித் தங்கள் பாரத்தால் இழுப்பார்கள், இரண்டு ஆட்கள் கீழே நின்று தள்ளுவார்கள். எந்திரத்துக்கு யார் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். கைக்கு அப்படியில்லை. மஞ்சளில் ஓர் ஆள் ஏறினால் எதிர் மஞ்சளிலும் அந்த எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கனமான பக்கம் தானாகவே கீழே பாயும். ஆள் இல்லாத பெட்டியில் மணல் மூட்டை வைப்பார்கள். இறக்கும்போதும் அப்படித்தான், ஆள் இறங்கினால் அந்த இடத்தில் மூட்டை ஏற வேண்டும். இன்னொன்றும் உண்டு. சக்கரத்திலிருந்து கையை எடுக்க வேண்டுமானால், எடுப்பதற்கு முன்னால் அடியில் ஒரு கட்டையைச் செருகி அதை அசைத்துப் பார்க்க வேண்டும். சுற்றுகிறவர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள், பேச்சே கிடையாது. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனாலும் அவர் வந்து அந்தக் கட்டையை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பீடியைப் பற்றவைப்பார்.

அவருடைய மனைவி ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றாள். தேங்காய்த் துருவல் கொஞ்சமாகத் தூவி இலையில் தருவாள். என் வீட்டுக்காரர் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் அவளுடைய அடுப்படியில் நிற்பேன். சாய்ந்துகொள்ள ஒரு கம்பம் அங்கே இருந்தது. அப்படித்தான் பழக்கம்.

"நீ ஏறலியா தங்கச்சி?" என்று முதல் நாள் கேட்டாள்.

"எனக்கு ஆகாதுக்கா."

"நானும் ஏறுனதில்ல."

"உங்களுக்கும் தல சுத்துமா?"

"எனக்கென்னா, நான் நல்லாத்தான் இருப்பேன். அவருக்குல்ல பாரம்? நான் ஒருத்தி ஏறுனா ஒரு ஆளு எடைய கூடத் தள்ளணும். காலையிலேருந்து தள்றவரு."

எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அந்தப் பதில்தான் காரணம். நான் ஏறாததற்கு எல்லாரும் காரணம் கேட்பார்கள், பிறகு சிரிப்பார்கள். அவள் காரணம் கேட்டுவிட்டு ஒரு துண்டு மரவள்ளியைக் கையில் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்ததும் மேலே என்னென்ன தெரிந்தது என்று ஒப்பிப்பார். கடல் தெரிந்தது, குன்று தெரிந்தது, செட்டிக் கம்பத்துக் கோவில் கோபுரம் தெரிந்தது. எனக்கு அலுத்துப்போன பட்டியல். அதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. "உச்சிக்குப் போனா அந்த முச்சந்திகூட தெரியுது" என்பார். கீழே நிற்கிறவர்களுக்கு வேலிதான் தெரியும். வாசலில் போய் நின்றாலும் சாலை வளைகிற இடம் வரைக்கும்தான். வளைவுக்கு அப்பால் சாலை இரண்டாகப் பிரியும், ஒன்று புக்கிட் ரம்பாய்க்கு, மற்றது தம்பினுக்கு.

அந்த இரண்டு பெயரும் அப்போது எங்களுக்கு வெறும் ஊர்ப்பெயர் இல்லை. வேலைக்கென்று ஆண்களைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள், அதிலும் தமிழாட்களை. லாரி புக்கிட் ரம்பாய்ப் பக்கம் திரும்பினால் காடு வெட்டி மரவள்ளி நடுகிற வேலை. என் வீட்டுக்காரரையே ஒரு தடவை அப்படிக் கொண்டுபோய், கை பூராவும் கொப்புளத்தோடு திருப்பி அனுப்பினார்கள். தம்பின் சாலையில் போனால் அங்கே ரயிலில் ஏற்றி, சயாம் காட்டில் தண்டவாளம் போடுகிற வேலை. எங்கள் ஊருக்குள் வந்த தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று கேட்டால் சயாமுக்கு என்றார்கள். தண்டவாளத்துக்குப் பின்னால் ஆட்களும் போனார்கள். புக்கிட் ரம்பாய் போனவர்கள் இளைத்தோ கறுத்தோ வந்து சேர்ந்தார்கள். சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை, ஒரு வரி சேதியும் இல்லை. ஆகவே யாரையாவது பிடித்தார்கள் என்று கேட்டால் பெண்கள் முதலில் கேட்பது, லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்பதுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பார்க்கில் எல்லாம் இலவசம் என்று தமுக்கு அடித்தார்கள். நுழைவும் இலவசம், ராட்டினமும் இலவசம், வருகிறவர்களுக்குச் சர்க்கரை தருவார்கள் என்றும் பேச்சு. வீட்டுக்கார அம்மாள் அதைக் கேட்டுவிட்டு மலாயில், ஜப்பான்காரன் சும்மா கொடுத்தது என்று இதுவரை எதைப் பார்த்தாய் என்று என்னிடம் கேட்டாள். கன்னத்தில் அறை ஒன்றைத் தவிர என்று அவளே பதிலும் சொன்னாள். நான் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்மா. ஓசியில ரெண்டு சுத்து சுத்திட்டு ஓடி வந்துடலாம்" என்றார் அவர்.

எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. அன்று காலையிலிருந்து அரிசி வரிசையில் நின்றிருந்தேன். கிடைத்தது ஒரு சிறங்கை அரிசி, அதிலும் சுண்ணாம்பு வாடை. குதிகாலிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே கடுகடுப்பு. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம் என்ற ஒரே நிபந்தனையோடு கிளம்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது, கூட்டம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது.

வழக்கமாக நான் சாய்ந்து நிற்கிற கம்பத்தில் அன்றைக்குத் தோரணம் கட்டி, பக்கத்தில் சர்க்கரைக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். நிற்க இடமில்லை. உட்கார எங்கும் இடமில்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். அந்த இடம் முழுவதிலும் உட்கார இருந்தது ராட்டினப் பெட்டிப் பலகை ஒன்றுதான்.

"நானும் வரேங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நெசமாவா?"

"கால் வலிக்குது. உக்காரணும். வேற ஒண்ணும் கேக்காதீங்க."

இதை நான் பின்னாட்களில் சொன்னபோது பலர் நம்பவில்லை. உள்மனசு ஏதோ சொல்லியிருக்கிறது, அம்மன் காட்டிய வழி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். உள்மனசு ஒன்றும் சொல்லவில்லை. குதிகால்தான் சொன்னது.

மரவள்ளிக்கார அக்கா நான் பெட்டியில் ஏறுவதைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய புருஷன் எங்கள் பெட்டிக் கதவைக் கொக்கி போட்டுவிட்டு, முதல் தடவையாக என்னிடம் பேசினார். "மெதுவா சுத்தறேன்மா" என்றார். எங்களுடையது மஞ்சள் பெட்டி. எதிர் மஞ்சளில் துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றப் பெட்டிகளில் சிலவற்றில் ஆள், சிலவற்றில் மூட்டை. எங்களுக்கு முன்னும் பின்னும் மூட்டைதான்.

பெட்டி தரையை விட்டதுமே நான் கண்ணை மூடிக்கொண்டேன். மெதுவாகத்தான் சுற்றினார், சும்மா சொல்லக்கூடாது. ஆனாலும் ஆகாதது ஆகாதுதான். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறோம், கால் வலி குறைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கடல் தெரிகிறது, கோபுரம் தெரிகிறது என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் உச்சிக்குப் போனபோது ஒப்பிப்பது நின்றது.

"லாரி" என்றார்.

கீழே விசில் ஊதியது. வேலித் தகட்டில் ஏதோ மோதுகிற சத்தம். பிறகு ஓட்டம், கூச்சல், பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல்கள். ஒருவன் நல்ல தமிழில், "பயப்படாதீங்க, வேலைக்குத்தான், அரிசி குடுப்பாங்க, வரிசையா ஏறுங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். வாசலை அடைத்துவிட்டார்கள் என்பது கண்ணைத் திறக்காமலே எனக்குப் புரிந்தது. சர்க்கரை எதற்கு என்பதும் புரிந்தது.

ராட்டினம் நின்றது. நாங்கள் உச்சியில் நின்றோம்.

அடியில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். சுற்றிக்கொண்டிருந்த நாலு பேரும் தமிழாட்கள்தான், முதலில் பிடிபட்டவர்களும் அவர்கள்தான். மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். மூத்தவர் மட்டும் சக்கரத்தை விடாமல் இருந்திருக்கிறார். துப்பாக்கிக் கட்டையால் முதுகில் ஒன்று விழுந்திருக்கிறது. அவர் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடியே, மற்றக் கையால் மேலே இருக்கிற பெட்டிகளைக் காட்டி, குனிந்து கட்டையை எடுத்துச் செருகி, அசைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கையை எடுத்திருக்கிறார். எங்களை ஒளித்துவைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தாரா, கை பழக்கத்தில் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. எதிர் மஞ்சளில் இருந்த இரண்டு பேரையும் அடியிலேயே கதவை உடைத்து இழுத்தார்கள். அந்தப் பெட்டி காலியானதும் எங்கள் பாரத்துக்கு எதிரில் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டை ஒன்றுதான் எங்களை மேலே நிறுத்தியிருந்தது.

"படுங்க" என்றேன். வீட்டுக்காரரைப் பெட்டித் தரையில் குப்புறப் படுக்கவைத்து, முந்தானையை அவிழ்த்து அவர் மேல் போட்டு, அதன் மேல் என் காலை நீட்டிக்கொண்டேன். கீழேயிருந்து பார்த்தால் ஒரு பெண்பிள்ளை தனியே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்திருக்கும். அவர் மூச்சு விடுவது என் காலில் தெரிந்தது. பெட்டி ஆடியது. அவர் பயத்தில் நடுங்கினாலும் ஆடியது, நான் விழுங்கினாலும் ஆடியது.

அப்போதுதான் வயிறு கிளம்பியது. எனக்கு நேர் கீழே பூட்ஸ் சத்தம். தமிழ் பேசியவன், "மேல யாரு? எறங்கு" என்று கத்தினான். யாரோ சட்டத்தைப் பிடித்து இழுத்தார்கள், சக்கரம் முனகியது, கட்டை கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் வாந்தி எடுத்திருந்தால் அவர்கள் தலை மேல்தான் விழுந்திருக்கும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். வாய்க்கு வந்ததை விழுங்கினேன், மறுபடியும் வந்தது, மறுபடியும் விழுங்கினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தேன், ஏனென்றால் திறந்தால் நிச்சயம் முடியாது என்று எனக்கு என் உடம்பைப் பற்றித் தெரியும். சாமி பெயர் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. கத்தரிக்காய், கத்தரிக்காய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

லாரிகள் நிறைந்துவிட்டன போலிருக்கிறது. ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. பூட்ஸ் சத்தம் ஓடியது. எந்திரங்கள் உறுமிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின. அந்தச் சத்தம் சாலையில் தேய்ந்து போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான், சீச்சி, சொல்வதற்கென்ன, பெட்டிக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

கீழே இருந்தது எல்லாம் பெண்களும் பிள்ளைகளும். கொஞ்ச நேரம் ஓலம்தான். யாருக்கும் ராட்டினத்தின் நினைவு இல்லை. மேலே மாட்டியிருந்த சிறுபிள்ளைகள் அழத் தொடங்கியதும் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள், மரவள்ளிக்கார அக்காதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "யாராச்சும் வாங்க. மூட்டையத் தூக்குங்க. கட்டைய யாரும் தொடாதீங்க" என்றாள். பெண்கள் வந்தார்கள். பசியில் வாடிய உடம்புகள், ஒரு மூட்டையை மூன்று பேர் இழுத்தார்கள். அவள் முதலில் கீழே காலியாக இருந்த எதிர் மஞ்சளில் எங்களுக்கு ஈடாக மூட்டை ஏற்றச் சொன்னாள். மற்றக் காலிப் பெட்டிகளுக்கும் அப்படியே. அதற்குப் பிறகுதான் கட்டையை எடுத்தாள். புருஷன் இடத்தில் நின்று, புருஷன் மாதிரியே நிறத்தைச் சொல்லிச் சொல்லிச் சுற்ற வைத்தாள். "செவப்பு எறங்கட்டும். மூட்டைய வை. பச்சை, பிள்ளையத் தூக்கிக்க. மூட்டைய வை." ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் கட்டையைச் செருகி அசைத்துப் பார்த்தாள். சற்று முன்னால் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைகளை இறக்குவதற்காகச் சட்டத்தில் தொங்கி இழுத்தார்கள்.

கடைசியாக எங்கள் பெட்டி அடிக்கு வந்தது. வெளிச்சம் அநேகமாகப் போய்விட்டிருந்தது. கதவைத் திறந்தார்கள். நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் என் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார்.

அத்தனை பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் ஆண்பிள்ளை. அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, குனிந்து மூட்டை ஒன்றைத் தூக்கப் போனார். உயிரோடு வந்து நின்ற புருஷனை வைத்துக்கொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அக்கா சட்டத்தைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி, நீ உச்சியிலதானே இருந்த. லாரி எந்தப் பக்கம் திரும்புச்சு?"

முச்சந்தி தெரிகிற ஒரே இடத்தில், லாரிகள் அந்த முச்சந்திப் பக்கம் போன நேரத்தில், உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

"தம்பினா, ரம்பாயா? அது மட்டும் சொல்லு."

"நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றேன். "எனக்கு ஆகாதுல்ல."

அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "நான் கீழ படுத்திருந்தேன்க்கா" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாங்கள் இறங்கிய பெட்டியில் வைப்பதற்காக என் வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"மூட்டை வேணாம். நான் ஏறுறேன்."

யாரும் தடுக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த பலகையில் உட்கார்ந்தாள். அத்தனை நாள் அந்த அடியிலேயே அடுப்பு வைத்துப் பிழைத்தவள், புருஷனுக்குப் பாரம் என்று ஒரு தடவைகூட ஏறாதவள். என் வீட்டுக்காரர் கட்டையை எடுத்துவிட்டுச் சட்டத்தைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். மற்றப் பெண்களும் கை கொடுத்தார்கள். பெட்டி மெல்ல மேலே போனது. உச்சிக்குப் போனதும், "நிறுத்துங்க" என்றாள்.

நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றோம். கட்டையைச் செருகலாம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை, கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றோம். எல்லாருமே அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிடித்துக்கொண்டு போகிற லாரிகள் சில சமயம் முச்சந்தியில் நின்று, மற்ற இடத்து லாரிகளும் வந்து சேர்ந்த பிறகு ஒன்றாகக் கிளம்புவதுண்டு. ஆகவே இன்னும் போயிருக்காது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

"தெரியுதாக்கா?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் தெரியுது" என்றாள். சற்றுப் பொறுத்து, "கௌம்புது" என்றாள்.

"எந்தப் பக்கம்?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். அவளுடைய மகனும் லாரியில் போயிருந்தான்.

மேலேயிருந்து பதில் வரவில்லை. எங்கள் கை கடுத்தது. கேட்டவள் மறுபடியும் கேட்கவில்லை. பதில் வராததே பதில் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தி சட்டத்தை விடாமலே அழுதாள். வெளிச்சம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இறக்கச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

கீழே வந்ததும் அவள் தானே கொக்கியைத் திறந்து இறங்கினாள். நாங்கள் மூட்டையை வைத்தோம். எல்லாரும் கையை எடுக்கப் போனபோது, "இருங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் தேடி எடுத்து அடியில் செருகினாள். அசைத்துப் பார்த்தாள். பிறகு என் அருகில் வந்து, வாந்தி பட்டிருந்த என் முகவாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நீ கண்ண மூடிக்கிட்டது நல்லதுதான், தங்கச்சி" என்றாள்.

பிறகு அடுப்பில் இருந்த மரவள்ளியை இறக்கிவைக்கப் போனாள்.